அப்பத்தாவும் பேத்தியும் படத்துக்குப் போக: வீடா, மாலா, ஊர்த் தியேட்டரா?

பொங்கல் லீவுக்குத் தங்கை கோயம்புத்தூரில் இருந்து மகனோடு வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாளே, "எல்லாருமா ஒரு படத்துக்குப் போவோம்ணே" என்றாள். போவதில் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. என் மனைவிக்கும் தங்கை மகனுக்கும் மதுரை மால். அம்மாவுக்கு, "எதுக்குப்பா அலைச்சல், டிவியிலயே போட்டு விடு." எனக்கு எங்கள் ஊர்த் தியேட்டர். என் மகளுக்கு எட்டு வயது. யார் என்ன சொன்னாலும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு 73 வயது, முழங்கால் வலி உண்டு. கடந்த இரண்டு வருஷத்தில் இந்த மூன்று வழியையும் ஒவ்வொரு தடவை பார்த்தாகிவிட்டது. எதில் என்ன கிடைத்தது, எதில் என்ன விட்டுப்போனது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தராசு எங்கே செய்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் போடுகிற எடை புரியாது.

கொட்டகை

நான் படம் பார்க்கப் பழகியது கீற்றுக் கொட்டகையில். 1980களின் தொடக்கம். ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரையை ஒட்டி டூரிங் டாக்கீஸ் இருந்தது. டூரிங் டாக்கீஸுக்குக் கொடுப்பது தற்காலிக உரிமம். அதனால் கல் கட்டடம் கிடையாது. மூங்கில், கீற்று, பக்கவாட்டில் தட்டி, அவ்வளவுதான். சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டைக் கேட்டதும் அவசரமாகச் சோற்றை வடித்து இறக்கிய வீடுகள் எங்கள் தெருவில் ஐந்தாறு உண்டு. அதற்கு முன்பே, காலையில், மாட்டு வண்டி வந்துபோயிருக்கும். இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, உள்ளே மைக்கோடு ஒருவர், பின்னால் ரோஸ் கலர் நோட்டீஸுக்காக ஓடுகிற நாங்கள்.

தரை 50 பைசா, பெஞ்சு 75 பைசா, சேர் ஒன்றேகால் ரூபாய். அம்மா எப்போதும் தரை டிக்கெட்தான் எடுப்பாள். காசு ஒரு காரணம். தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள் என்பது இன்னொன்று. நடுவில் இடுப்பளவு மண் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள். தரை என்றால் வைகை ஆற்று மணல், வண்டியில் அடித்துப் பரப்பியது. உட்கார்ந்ததும் பிள்ளைகளின் முதல் வேலை மணலைக் குவித்து மேடு கட்டுவது. மேடு உயர்ந்தால் பின்னால் இருக்கும் அக்கா முதுகில் தட்டுவாள்: "மறைக்குதுடா, குறை." பாதியைக் கலைப்போம். அவள் கவனம் திரைக்குப் போனதும் பக்கத்து மணலை மெதுவாகக் கையால் இழுத்துச் சேர்ப்போம். மேல் மணல் சரிந்துகொண்டே இருக்கும். விரலைக் கீழே விட்டுத் தோண்டினால் ஈர மணல் வரும், குளிர்ந்திருக்கும், அதுதான் நிற்கும். படம் முடிவதற்குள் தூங்கிப்போனால் அந்த மேடே தலையணை.

ஒரே ஒரு புரொஜக்டர். ரீல் மாற்ற விளக்கைப் போட வேண்டும் என்பதால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. மூன்றுக்கும் முறுக்குத் தட்டு வரும், கலர் சோடா வரும். புரொஜக்டருக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய ஆபரேட்டர் அண்ணன் அவற்றைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடித்து மங்கும், தரையில் இருந்து விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் ஓடுவது பதினோரு நிமிஷம் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். இரண்டரை மணி நேரப் படம் பதின்மூவாயிரம் அடிக்கு மேல். அவ்வளவும் தகரப் பெட்டிகளில் பஸ் மேல் ஏறி எங்கள் ஊருக்கு வரும். பெட்டி வரவில்லை என்றால் ஆட்டம் இல்லை.

அறுந்த பிலிமை ஒட்டும்போது அவர் வெட்டி எறிகிற துண்டுகள் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும். பொறுக்கிக்கொண்டு வருவோம். பியூஸ் போன பல்பின் வாயை உடைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியை வாசலில் பிடித்து வெயிலை உள்ளே திருப்பி, துண்டு பிலிம் வழியாக விட்டால் அப்பாவின் வேட்டியில் படம் விழும். தலைகீழாக விழும். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் நேராகும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலை அவர் கட்டியது 1914-ல். நம் பக்கம் சினிமா முதலில் கூடாரமாக வந்து, அப்புறம்தான் கட்டடத்துக்குள் புகுந்தது. எங்கள் குடும்பத்திலும் அதே வரிசைதான். அம்மா முதன்முதலில் கட்டடத்துக்குள் படம் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு, மதுரை தங்கம் தியேட்டரில். 1952-ல் திறந்த தியேட்டர். 2500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட இடம். "மேல அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தேன், உங்கப்பா படத்தைப் பாருன்னு கையைப் பிடிச்சு இழுத்தாங்க" என்பாள். இன்று அங்கே நிற்பது ஜவுளிக்கடை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்மா பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்ததில்லை.

அம்மாவின் பேச்சில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "படம் பார்த்தேன்" என்று அவள் சொல்லவே மாட்டாள். "படத்துக்குப் போனோம்" என்பாள். பிள்ளையார் பாட்டைக் கேட்டுக் கிளம்புவது, வழியில் நாலு வீட்டில் குரல் கொடுத்து ஆள் சேர்ப்பது, ராத்திரி பத்து மணிக்குக் கண்மாய்க் கரையில் ஒரே டார்ச் வெளிச்சத்தில் வரிசையாக நடந்து வருவது, வரும்போதே கதையை முதலில் இருந்து பேசுவது எல்லாமே அந்தப் "போனோம்"-க்குள் அடக்கம். என் தராசு இதுதான். அம்மாவின் உடம்புக்கும் மகளின் பொறுமைக்கும் ஒத்துவருகிற மாதிரி, இந்தப் "போவது" எதில் அதிகம் மிஞ்சியிருக்கிறது?

வீட்டில் பார்ப்பது

அம்மா சொன்ன வழியை லேசாகத் தள்ள முடியாது. பெரிய படங்களே நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. 43 இஞ்ச் டிவி இருக்கிறது. கால் நீட்டிக்கொள்ளலாம், வேண்டும்போது எழுந்து போகலாம், காது மந்தமான அம்மாவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைக்கலாம். செலவு என்று பார்த்தால் ஏற்கெனவே கட்டிய சந்தாதான்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதை விட்டால் நல்ல வழியே இல்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் அம்மா தன் காலத்துப் படம் ஒன்றை யூடியூபில் போடச் சொல்வாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் யார், அவர் யார் என்று கேட்பாள். அம்மா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த நடிகரைப் பற்றிச் சொல்வாள். அப்படி நிறுத்திப் பேசுவது தியேட்டரில் நடக்காது. பேத்திக்கு அப்பத்தாவிடம் இருந்து போய்ச் சேருகிற சொத்து அது. கைக்குழந்தை இருக்கிற வீடு, படுக்கையில் இருக்கிற பெரியவர் உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், வீடுதான்.

புதுப் படம் என்று வரும்போதுதான் இடிக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு படத்தை வீட்டில் போட்டோம். இரண்டு மணி நாற்பது நிமிஷப் படம், பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. முதல் அரை மணியில் குக்கர் விசில் அடித்தது, மனைவி எழுந்துபோனாள். எனக்கு ஆபீஸில் இருந்து போன். மகள் சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, "அப்பா, இந்தப் பாட்டை ஓட்டி விடுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் அம்மா தூங்கியிருந்தாள். மூன்றாம் நாள் மிச்சத்தைப் பார்த்தது மகளும் நானும் மட்டும். யார் மேலும் தப்பில்லை. வீட்டில் வீட்டு வேலை இருக்கத்தான் செய்யும்.

ஒரு தடவை புரொஜக்டரை வாடகைக்கு எடுத்து மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி கட்டியும் பார்த்தேன். கொட்டகையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று ஆசை. தெருவிளக்கு எல்இடி ஆனதில் இருந்து எங்கள் மாடியில் இருட்டே இல்லை, திரை வெளுத்துப் போனது. அப்புறம் கொசு. பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் குதித்தார்கள், அதன்பின் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். சுற்றிலும் இருட்டாக இருக்கிற தோட்ட வீடு என்றால் முயன்று பாருங்கள். தெருவுக்குள் இருக்கிற வீட்டுக்குச் சரிப்படாது.

மால்

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவையும் மகளையும் மதுரையில் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனோம். எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அம்மாவுக்காக கார் வைத்துக்கொண்டோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழிவறை சுத்தம். இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் எழுபது வயது அம்மாவோடு படத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். பெண்கள் பலர் தியேட்டருக்குப் போவதை நிறுத்தியதற்கே அதுதான் காரணம். போன பின்னும் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலி கேட்டால் தருகிறார்கள். சீட் நம்பர் உறுதி, நெரிசல் இல்லை. ஒலியும் ஒளியும் துல்லியம். வசனம் ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது என்று அம்மாவே சொன்னாள்.

ஆனால் அன்று அம்மா பட்ட பாடு மறக்கவில்லை. எஸ்கலேட்டர் முன்னால் போய் நின்றாள். படி ஒவ்வொன்றாகக் கீழே இருந்து முளைத்து மேலே போவதைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள், திரும்ப வைத்தாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "நீங்க போங்கப்பா, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்தது பயம் மட்டுமில்லை, நமக்கு இந்த இடம் இல்லை என்கிற ஒதுங்கல். லிஃப்டைத் தேடிப் பிடித்துப் போவதற்குள் படம் தொடங்கியிருக்கும் என்று பதறினேன். விளம்பரமே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியதால் தப்பித்தோம்.

உள்ளே போகும்போது பையைச் சோதித்து முறுக்குப் பொட்டலத்தை வெளியே வைக்கச் சொன்னார்கள். அம்மா பேத்திக்காக அதிகாலையில் எழுந்து பிழிந்த முறுக்கு. விதி அவர்கள் பக்கம்தான். வெளித் தின்பண்டத்தை அனுமதிப்பதும் தடுப்பதும் தியேட்டர்காரர்கள் விருப்பம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை மறிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்களுக்கு அன்று தெரிந்திருக்கவில்லை, தண்ணீரையும் காசுக்குத்தான் வாங்கினோம்.

செலவும் கொஞ்சநஞ்சமில்லை. டிக்கெட் வரியோடு 190 ரூபாய்ச் சொச்சம். ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனிக் கட்டணம். பாப்கார்னும் குளிர்பானமும் டிக்கெட்டை முந்திவிட்டன. கார் வாடகையோடு சேர்த்து நாலு பேருக்கு ஐயாயிரத்தை ஒட்டி வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை தாங்காது. வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் அது சினிமா இல்லை, சுற்றுலா.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒரு நகைச்சுவைக் காட்சிக்கு மகள் சத்தமாகச் சிரித்தாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மகள் அடுத்த சிரிப்பை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமைதியாகப் பார்ப்பது தப்பில்லை, சில படங்களுக்கு அதுதான் வேண்டும். நுணுக்கமான ஒலியும் மெதுவான ஓட்டமும் உள்ள படம் என்றால் நானே தனியாக மதுரைக்குப் பஸ் ஏறுவேன். ஆனால் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்கித்தான் சினிமா பழக்க வேண்டுமா என்று கார் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஊர்த் தியேட்டர்

கொட்டகை போன பிறகு ஊருக்குள் கட்டிய தியேட்டர் இது. எங்கள் வீட்டில் இருந்து நடந்து பத்து நிமிஷம். ஒரு காலத்தில் ஊரில் மூன்று இருந்தன. ஒன்று கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மிஞ்சியது இது மட்டும்.

இதன் குறைகளை மறைக்கப் போவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் பெண்கள் கழிவறைப் பக்கம் போக முடியாது. சீட்டில் மூட்டைப்பூச்சி. கூட்டம் குறைவென்றால் இடைவேளைக்குப் பிறகு ஏசியை நிறுத்திவிடுவார்கள். வார நாள் காட்சிக்குப் பத்துப் பேர் சேரவில்லை என்றால் ஆட்டம் ரத்து, வந்தவர்கள் திரும்ப வேண்டியதுதான். ஒலியை ஏற்றிவைப்பதுதான் தரம் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. சண்டைக் காட்சியில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். முதல் மூன்று நாள் கூட்டத்துக்குள் அம்மாவையும் பிள்ளைகளையும் நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். ரசிகர்களின் கொண்டாட்டம் எனக்குப் பிடிக்கும், என் பதினெட்டு வயதில் நானும் காகிதம் கிழித்துப் போட்டவன்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு முழங்கால் வலிக்காரிக்கு இடம் கிடையாது.

போன வருஷம் பூட்டி வைத்துப் புதுப்பித்தார்கள். சீட் எண்ணிக்கையைக் குறைத்து, சாய்கிற நாற்காலி போட்டிருக்கிறார்கள். பெண்கள் கழிவறைக்கு டைல்ஸ், தண்ணீர், உள்தாழ்ப்பாள். புரட்டாசியில் நானும் மகளும் மட்டும் போய் வந்தபோது, மகளை ஒரு தடவை உள்ளே அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நல்லாத்தான் இருக்குப்பா, சோப்பு மட்டும் இல்ல" என்றாள். தியேட்டருக்கு இதைவிட நம்பகமான சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

அன்று கேபினையும் எட்டிப் பார்த்தோம். கார்பன் குச்சி இல்லை, ரீல் இல்லை, திருகிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. படம் சர்வரில் இருக்கிறது. இந்த நாள், இந்த நேரம் ஓட்டலாம் என்று ஒரு கீ வர வேண்டும், அது வந்தால்தான் படம் திறக்கும். ஆபரேட்டர் தம்பி சொன்னார்: "அப்ப பெட்டி வரலைம்பாங்க, இப்ப கீ வரலைம்போம்." புரொஜக்டர் வெளிச்சம் போகிற சின்னச் சதுர ஓட்டை வழியாக மகளைத் தூக்கிப் பிடித்துத் திரையைக் காட்டினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குள் மிதந்துபோன தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே டிக்கெட் 100 ரூபாய்க்குள். 2025 செப்டம்பரில் இருந்து 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. சின்ன ஊர் தியேட்டருக்கு அது ஒரு மூச்சு. இடைவேளையில் டீ, பப்ஸ், சமோசா எல்லாம் வெளியில் விற்கிற விலைக்குக் கொஞ்சம் மேலே. ஆறு பேருக்கு எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டாது.

பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் என் மனம் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம், நடந்து போகலாம் என்பது. அம்மாவால் பத்து நிமிஷ நடையை இருபது நிமிஷத்தில் நடக்க முடியும், நடுவில் ஒரு இடத்தில் உட்காரலாம். வழியில் தெரிந்த முகங்கள் வரும். உள்ளே இருக்கிற முந்நூறு பேரில் பாதிப் பேர் யாருடைய பிள்ளை, யாருடைய மருமகள் என்று அம்மாவுக்குத் தெரியும். மகள் சத்தமாகச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்க ஆள் இருக்கும். அப்புறம் இன்னொன்று: நாங்கள் போகாவிட்டால் இதுவும் மண்டபம் ஆகும். நாங்கள் மதுரைக்குப் போகாத வாரத்தில் மால் மூடிவிடாது. இந்தத் தியேட்டரின் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் ஆறு பேர் என்பது கணக்கில் வருகிற எண்ணிக்கை.

எதை எடுத்தோம்

இப்படிப் பிரித்துக்கொண்டோம். பழைய படங்களும் மழை நாளும் வீட்டுக்கு. ஒலி, ஒளிக்காகவே பார்க்க வேண்டிய படம் வந்தால் பெரியவர்கள் மட்டும் மால். எல்லாரும் சேர்ந்து போவது ஊர்த் தியேட்டர், ஆனால் சில நிபந்தனைகளோடு. ரிலீஸாகி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சி. முதல் வாரக் கூட்டம் வடிந்திருக்கும், ஆட்டம் ரத்தாகிற அளவுக்குக் குறைந்தும் இருக்காது. மூன்றாவது வாரத்துக்குத் தள்ளினால் எங்கள் மாதிரி ஊரில் படமே இருக்காது. சீட், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் பின் வரிசையில், ஓரமாக, அம்மா எழுந்து போக வசதியாக. பிள்ளைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு. படத்தின் சென்சார் சான்றிதழ் யு அல்லது யு/ஏ 7+. முன்பு யு/ஏ என்று மொத்தமாகப் போடுவார்கள், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருவதால் பெற்றோருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு வந்த படங்களில் தங்கை மகன் கேட்டது 16+. அவனிடம் முடியாது என்று சொல்ல இந்த எண்தான் கைகொடுத்தது. கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டான், பப்ஸ் வரைக்கும்தான்.

மனைவிக்கு மால்தான் வேண்டும் என்றில்லை, கழிவறைதான் கவலை என்று பேசும்போது தெரிந்தது. மகள் சாட்சி சொன்னாள். சோப்பை மனைவி கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அம்மா கிளம்பும்போது பட்டுச்சேலை எடுத்தாள். "பத்து நிமிஷ தூரத்துக்கு எதுக்கும்மா பட்டு?" என்று தங்கை கேட்டாள். "படத்துக்குல்ல போறோம்" என்றாள் அம்மா. போகிற வழியில் இரண்டு வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டாள். இரண்டாவது வீட்டு அத்தை, இருங்க மதினி நானும் வர்றேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கவுன்ட்டரில் ஏழு டிக்கெட். பையில் முறுக்கு இருந்தது, வாசலில் டிக்கெட் கிழித்தவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே விட்டார். ஏசி கடைசிவரை ஓடியது. சத்தம் கூடுதல்தான், பஞ்சு உதவியது. மகள் எத்தனை தடவை சிரித்தாளோ அத்தனை தடவையும் முன் வரிசையில் யாரும் திரும்பவில்லை. அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் அத்தையும் அம்மாவும் கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரு பாட்டில் தண்ணீரை இரண்டு பேருமாகக் குடித்தார்கள். அம்மா தியேட்டருக்குள் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது அம்மா கண்மாய்க் கரை வழியாகப் போகலாம் என்றாள். அது சுற்று, ஆனாலும் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இங்கேதான் உங்கப்பா மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தான் என்று பேத்திக்குக் காட்டினாள். மகள் செருப்புக் காலால் தரையைக் கீறிப் பார்த்தாள். கட்டாந்தரை.

"அப்பத்தா, அந்த மணலெல்லாம் எங்க?"

"ஆத்துலயே இல்லையே ஆத்தா."

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. தெருவுக்குள் திரும்பியதும் அத்தைதான் படக் கதையை முதலில் இருந்து எடுத்தார்.

தங்கை ஊருக்குக் கிளம்பும் முன், மே மாதம் எந்த வாரம் வருகிறாள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். தியேட்டர்காரரிடம் பின் வரிசை ஓரத்தில் ஏழு சீட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கழிவறையில் சோப்பு வைக்கும்படியும் சொல்ல வேண்டும்.